எண்ணைப் பார்ப்பதா, அளந்து பார்ப்பதா? கொட்டகையில் கிடந்த ஸ்டாண்டர்ட் எஞ்சின்

பெரியப்பாவின் நெல் மில் கொட்டகையில் 25 வருடமாகச் சாக்கும் தார்ப்பாயும் சுற்றிக் கிடந்தது அந்த எஞ்சின். வீட்டில் எல்லோரும் அதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காரின் எஞ்சின் என்றுதான் சொல்வார்கள். பெரியப்பாவிடம் ஹெரால்டு இருந்தது உண்மை. அதற்கு முன்னால் ஸ்டாண்டர்ட் எயிட் கார் ஒன்றும் வைத்திருந்தார். இரண்டுமே சென்னையில் உருவான வண்டிகள், எஞ்சின்களும் ஒரே குடும்பம். வெளியிலிருந்து பார்த்து இது எதனுடையது என்று சொல்ல என்னால் முடியவில்லை.

கண்டுபிடிக்க மூன்று வழி இருந்தது: பிளாக்கில் (சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடலில்) குத்திய எஞ்சின் எண், வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண், ஹெட்டை (சிலிண்டர்களின் மேல் மூடியை) கழற்றி அளப்பது. மூன்றையும் செய்து பார்த்தேன். இப்போது யாராவது கேட்டால் அளந்து பாருங்கள் என்றுதான் சொல்வேன்.

குத்திய எண் எல்லோருக்கும் தெரிந்ததே. வயர் பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணெண்ணெய் துணியால் துடைத்து, சாக்பீஸை அதன்மேல் படுக்கவைத்துத் தேய்த்தால் பள்ளத்தில் வெள்ளை தங்கி எழுத்து தெரியும். எனக்கு ஐந்து இலக்கம் கிடைத்தது, கடைசி இரண்டைத் துரு தின்றிருந்தது. கிடைத்த ஐந்தும் பெரியப்பாவின் பழைய ஆர்.சி. புத்தகத்தில் இருந்த ஹெரால்டு எண்ணோடு ஒத்துப்போயின. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

வார்ப்பு எண்ணைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அது பிறகு குத்தியது இல்லை, வார்க்கும்போதே உருவானது, அது அதன் பலம். ஆனால் அது சொல்வது அச்சைப் பற்றி மட்டுமே. வார்த்த பிறகு அந்த பிளாக்கை எந்த அளவுக்குக் கடைந்தார்கள் என்பது அதில் இருக்காது.

நான் இடறியது இங்கேதான். ஆர்.சி. எண்ணை நம்பி, ஹெரால்டு 948 சிசி-க்கான ஸ்டாண்டர்ட் சைஸ் (தொழிற்சாலை அளவு) பிஸ்டன் ரிங் செட் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டேன். லேத் பட்டறை மாஸ்டரிடம் காட்டினேன். "தம்பி, முதல்ல ஹெட்டைக் கழட்டி போரை அளங்க, ரிங்கை அப்புறம் பார்க்கலாம்" என்றார். போர் என்றால் சிலிண்டரின் உள்விட்டம். வாங்குவதற்கு முன்னால் அவரிடம் போயிருக்க வேண்டும்.

ஹெட்டைக் கழற்றியபோது நான்கு சிலிண்டர்களில் மூன்று எண்ணெய்ப் பசையோடு பளபளப்பாக இருந்தன. மூன்றாவது சிலிண்டர் மட்டும் செங்கல் நிறம். கார்புரேட்டரை எடுத்துவிட்டு வாயை மூடாமல் வைத்திருக்கிறார்கள். எஞ்சின் நின்றபோது அந்தச் சிலிண்டரின் இன்லெட் வால்வு திறந்திருந்ததால் ஈரக்காற்று அதற்குள் மட்டும் போய் வந்திருக்கிறது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி 9 நாள் விட்டேன். பிறகு மரக்கட்டை வைத்து மெல்லத் தட்டியதும் பிஸ்டன் அசைந்தது.

அப்புறம் அளவு. சிலிண்டரின் உச்சியில், ரிங் ஏறாத இடத்தில், தேயாத ஒரு வளையம் எப்போதும் மிச்சம் இருக்கும். கரியைச் சுரண்டிவிட்டு அங்கே அளந்தால்தான் கடைந்த அளவு கிடைக்கும். அதற்குக் கீழே அளந்தால் தேய்மானமும் சேர்ந்துவிடும். எனக்குக் கிடைத்தது 63.5 மி.மீ. பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், அதாவது ஸ்ட்ரோக், 76 மி.மீ.

ஸ்டாண்டர்டின் இந்தச் சின்ன எஞ்சின்களில் ஸ்ட்ரோக் மாறுவதே இல்லை. 803 சிசி எயிட்டுக்கும் 76, 948 சிசி டென்னுக்கும் (இதே கம்பெனியின் இன்னொரு கார்) ஹெரால்டுக்கும் 76, பின்னால் வந்த 1147 சிசி-க்கும் 76. மாறுவது போர்தான்: 58, 63, 69.3. ஸ்ட்ரோக்கைப் பார்த்துக் குடும்பத்தையும் போரைப் பார்த்து ஆளையும் தெரிந்துகொள்ளலாம். ரீபோர் செய்தாலும், அதாவது தேய்ந்த சிலிண்டரைப் பெரிதாகக் கடைந்தாலும், சாதாரணமாக ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகமாட்டார்கள், அதனால் 58 வளர்ந்து 63 ஆகியிருக்க வழியில்லை. எயிட் இல்லை என்பது அப்போதே உறுதியாகிவிட்டது.

மிச்சமிருந்த அரை மில்லிமீட்டருக்கான பதில் பிஸ்டன் தலையிலேயே இருந்தது. கரியைத் துடைத்ததும் '020' என்று தெரிந்தது. 20 தவ் (அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு), அதாவது 0.508 மி.மீ. ஓவர்சைஸ். யாரோ எப்போதோ ரீபோர் செய்திருக்கிறார்கள். வாங்கிய ரிங்கை போருக்குள் விட்டுப் பார்த்தேன். ரிங்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளி கால் மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும், இங்கே இரண்டு மில்லிமீட்டரை நெருங்கியது. விட்டத்தில் அரை மில்லிமீட்டர் கூடினால் சுற்றளவில் 1.6 கூடிவிடும். அந்த ரிங்கோடு ஓட்டியிருந்தால் புகையாகத் தள்ளியிருக்கும்.

நான் அளவின் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். பிளாக்கில் குத்திய எண், எஞ்சின் தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் என்னவாக இருந்தது என்று சொல்கிறது. அதில் பொய் இல்லை. ஆனால் சென்னையின் உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் போய் ரிங்கோ பிஸ்டனோ கேட்கும்போது நமக்கு வேண்டியது இன்றைய நிலை. ஆர்.சி.யில் 948 சிசி, கொட்டகையில் கிடப்பது கணக்குப் போட்டால் 963 சிசி.

ஹெட்டைக் கழற்ற வேண்டியிருக்கிறதே, கேஸ்கெட் வீணாகுமே என்பார்கள். ஓடுகிற வண்டி என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் இத்தனை வருடம் கிடந்த எஞ்சினைத் திறந்து பார்க்காமல் சுற்றக்கூடாது. எப்படியும் கழற்றப் போகிறோம், அளப்பதற்கென்று தனிச் செலவு இல்லை.

அளவும் ஏமாற்றுகிற இடம் ஒன்று உண்டு. பிளாக்கில் புது ஸ்லீவ் (சிலிண்டருக்குள் இறக்கும் உலோகக் குழாய்) அடித்திருந்தால் போர் திரும்ப 63-க்கு வந்திருக்கும், பழைய கதை மறைந்துவிடும். ஹெட் உட்காரும் முகத்தில் சிலிண்டரைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தால் ஸ்லீவ் என்று அர்த்தம். நான் கையால் தொட்டது பெட்ரோல் நாலு சிலிண்டர்களை மட்டுமே, டீசலுக்கு இது எவ்வளவு பொருந்தும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

அளவை வைத்து டென்னா ஹெரால்டா என்று பிரிக்க முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இரண்டுக்கும் அதே 63 × 76. அங்கே எனக்குக் கைகொடுத்தது அந்த ஐந்து இலக்கம்தான். வண்டியை மறுபடி ரோட்டில் விடும்போது ஆர்.சி.யோடு ஒத்துப்பார்க்கவும் அதைத்தான் கேட்பார்கள். பெயின்ட் அடிக்கும்போது அந்த இடத்தில் மட்டும் டேப் ஒட்டிவிட்டேன்.