ஆமை முட்டையை எடுப்பதா, குழியிலேயே விடுவதா?

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி கடலாமை) இட்ட முட்டைகளை அப்படியே விடுவதுதான் இயற்கை, எனக்கும் அதுதான் பிடிக்கும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறம் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். முட்டைகளை எடுத்துப் போய் வேறு மணலில் புதைத்துப் பாதுகாக்கும் பொரிப்பகத்தில் இன்னொரு சிக்கல், மணலின் சூடு சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் பெண் குஞ்சுகளே அதிகம் வரும், அதனால் நிழல் வலை சரியாகக் கட்டியிருக்க வேண்டும்.

ஆனால் தெருநாய் சுற்றுகிற, அலை ஏறுகிற இடத்தில் நூறு முட்டையும் ஒரே ராத்திரியில் போய்விடும். அங்கே வேலி போட்ட பொரிப்பகம்தான் சரி. மேடான, ஆள் நடமாட்டமில்லாத மணலில் குழியைத் தொடவே தொடாதீர்கள். சுமார் 50 நாளில் குஞ்சு வெளியே வந்ததும் வாளியில் வைத்துப் படம் எடுக்காமல், இருட்டிலேயே மணலில் விடுங்கள், தானே கடலுக்குப் போகட்டும்.