பக்கத்து ஊரோடு மோத வழி எது? தருமபுரி, கிருஷ்ணகிரி கல்லூரி அணிகளுக்கு உள்ள மூன்று போட்டிகள்: ஒரு மதிப்பீடு

கிருஷ்ணகிரியில் பஸ் ஏறினால் பர்கூர் வழியாகத் திருப்பத்தூருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். இரண்டு ஊருக்கும் ஒரே செம்மண், ஒரே மாந்தோப்பு, ஒரே கபடி வெறி. ஆனால் கிருஷ்ணகிரி அரசு ஆடவர் கலைக் கல்லூரி அணி, திருப்பத்தூர் தூய நெஞ்சக் கல்லூரியோடு பல்கலைக்கழக இன்டர் காலேஜியேட் போட்டியில் மோதவே முடியாது. அதே கிருஷ்ணகிரி அணி, சேலத்தையும் தாண்டி நாமக்கல் வரை 160 கி.மீ. போய் ஒரு மேட்ச் ஆடிவிட்டு வரலாம். ஒன்று பெரியார் பல்கலைக்கழகம், மற்றது திருவள்ளுவர் பல்கலைக்கழகம். இணைப்பு எங்கேயோ, எதிரணியும் அங்கேதான்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் ஒரு கல்லூரி அணிக்குப் பல்கலைக்கழகப் போட்டி, முதலமைச்சர் கோப்பையின் கல்லூரிப் பிரிவு, ஊர்களில் நடக்கும் ஓபன் டோர்னமென்ட் என்று மூன்று வாசல்கள் இருக்கின்றன. சீசன் தொடங்கும் முன் உடற்கல்வி இயக்குநரும் கேப்டனும் உட்கார்ந்து பணத்தையும் நாட்களையும் எதற்கு ஒதுக்குவது என்று முடிவு செய்ய வேண்டும். பக்கத்து ஊர்ப் போட்டியை எது உயிரோடு வைத்திருக்கிறது என்பதே இங்கே அளவுகோல். கேலரி நிறைவதும், ஜூனியர் பையன்கள் மைதானத்துக்கு வருவதும் அதனால்தான்.

பல்கலைக்கழகப் போட்டியிலிருந்து தொடங்கலாம். 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் வரும்வரை தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், வேலூர் கலைக் கல்லூரிகள் எல்லாம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் குடைக்குள் இருந்தன. 1997இல் சேலம், நாமக்கல்லோடு தருமபுரியும், அப்போது அதற்குள் இருந்த கிருஷ்ணகிரியும் தனியாகப் பிரிந்தன. 2002இல் வேலூரில் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் வந்து திருப்பத்தூரும் திருவண்ணாமலையும் அந்தப் பக்கம் போயின. நிர்வாகத்துக்கு நல்லதுதான், மதிப்பெண் பட்டியலுக்காகச் சென்னைக்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் விளையாட்டு அட்டவணை அந்தக் கோட்டின் பின்னாலேயே போனது. அதைப் பற்றி யாரும் தனியாக யோசித்ததாகத் தெரியவில்லை.

பொறியியல் கல்லூரிகளுக்கு இதைவிட அலைச்சல். 2007இல் அண்ணா பல்கலைக்கழகம் பிரிக்கப்பட்டபோது இந்தப் பகுதி கோயம்புத்தூரின் கீழ் போனது. 2012இல் எல்லாம் மீண்டும் ஒன்றானது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரிக்கும் கிருஷ்ணகிரி கலைக் கல்லூரிக்கும் இடையே 15 கி.மீ. கூட இருக்காது, ஆனால் இரண்டும் ஒரே டிராவில் (யாரோடு யார் மோதுவது என்ற பட்டியலில்) வராது. தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ். பாலிடெக்னிக்குகளுக்கு வேறு அமைப்பு. இப்படி ஒரே ஊருக்குள்ளேயே நான்கு தனித் தனி உலகங்கள்.

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் இதையே பெரிய அளவில் பார்க்கலாம். அங்கே கோடு போடுவது சட்டம் அல்ல, டி.வி. ஒப்பந்தப் பணம். கலிபோர்னியாவின் யு.எஸ்.சி., யு.சி.எல்.ஏ. என்ற இரண்டு பல்கலைக்கழகங்களும் பிக் டென் என்ற கூட்டமைப்புக்குப் போவதாக 2022 ஜூனில் அறிவித்தன. அடுத்த ஆண்டு ஆரிகனும் வாஷிங்டனும் அதே வழியில் கிளம்பின. 2024 சீசனில் பழைய பேக்-12 கூட்டமைப்பில் மிஞ்சியவை ஆரிகன் ஸ்டேட், வாஷிங்டன் ஸ்டேட் என்ற இரண்டே அணிகள். மேற்குக் கடற்கரை அணியும் நியூஜெர்சியின் ரட்கர்ஸும் இப்போது ஒரே கூட்டமைப்பு; நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது. டெக்சாஸ், டெக்சாஸ் ஏ அண்ட் எம் அணிகளின் அமெரிக்கன் ஃபுட்பால் மோதல் 1894இல் தொடங்கியது. ஏ அண்ட் எம் வேறு கூட்டமைப்புக்குப் போனதால் 2011 ஆட்டத்தோடு நின்றது. டெக்சாஸும் அங்கேயே வந்து சேர்ந்த பிறகு 2024 நவம்பர் 30 அன்றுதான் மறுபடி மோதினார்கள்; டெக்சாஸ் 17-7 என்று வென்றது. ஒரு தலைமுறை மாணவர்கள் அந்த ஆட்டத்தைக் காணாமலேயே படித்து முடித்துப் போய்விட்டார்கள். நம் பக்கம் கிருஷ்ணகிரிக்கும் திருப்பத்தூருக்கும் அந்த இடைவெளி இன்னும் நீளம்.

சரி, பல்கலைக்கழகப் போட்டியில் ஓர் அணிக்குக் கிடைப்பது என்ன? முதலாவது, பல்கலைக்கழக அணியில் இடம். அங்கிருந்துதான் தென் மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான போட்டிக்குப் போக முடியும். பெரிய அளவில் ஆட நினைக்கும் மாணவருக்கு இதற்கு மாற்றே கிடையாது. குறை டிராவில் இருக்கிறது. நாக் அவுட்டில் 22 அணிகள் பெயர் கொடுத்தால் டிரா 32க்குப் போடப்படும். 10 அணிகளுக்குப் பை, அதாவது ஆடாமலே அடுத்த சுற்று; 12 அணிகள் முதல் சுற்று. மொத்தம் 21 மேட்ச். முதல் சுற்றிலேயே தோற்று, சீசனுக்கு ஒரே ஒரு மேட்ச் ஆடி வீட்டுக்குப் போகும் அணிகள் ஆறு. பையில் நுழைந்து அடுத்த சுற்றிலேயே தோற்பவர்களையும் சேர்த்தால் 8 முதல் 14 அணிகள் வரை ஒரே மேட்ச்தான். ஓசூரிலிருந்து காலை 4 மணிக்குக் கிளம்பி, தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து நின்று, 11 மணிக்கு இறங்கி, உடம்பு சூடாகாமலே 40 நிமிடக் கபடி ஆடித் தோற்றுத் திரும்புவது அந்த அணியின் முழு சீசன்.

இதைக் குறைக்க இருக்கிற வழிகளைப் பல கல்லூரிகள் பயன்படுத்துவதில்லை. டிரா போடும் கூட்டத்துக்கு உடற்கல்வி இயக்குநர் நேரில் போக வேண்டும். போன வருட அரையிறுதி அணிகள் நான்கு மூலைகளில் வைக்கப்படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். 16 அணிகளுக்குள் என்றால் நான்கு நான்காகப் பிரித்து லீக் கம் நாக் அவுட் கேட்கலாம். ஒரு குரூப்புக்கு 6 மேட்ச், ஒவ்வோர் அணிக்கும் மூன்று மேட்ச் உறுதி. நடத்தும் கல்லூரி இரண்டு நாள் மைதானம் தர ஒப்புக்கொண்டால் போதும். பயணத்துக்கு முந்தைய இரவே போய்த் தங்குவது நல்லது. தூங்கிய அணிக்கும் பஸ்ஸில் வந்த அணிக்கும் உள்ள வித்தியாசம் முதல் பத்து நிமிடத்திலேயே தெரியும்.

மாணவருக்குக் கிடைக்கும் வாய்ப்புக்கு 5க்கு 4. பக்கத்து ஊர்ப் போட்டிக்கு 5க்கு 1.

அடுத்து முதலமைச்சர் கோப்பை. 2023இல் விரிவாக்கப்பட்ட பிறகு பள்ளி, கல்லூரி, மாற்றுத்திறனாளி, பொதுமக்கள், அரசு ஊழியர் என ஐந்து பிரிவுகளாக நடக்கிறது. கல்லூரிப் பிரிவுக்கு வயது 17 முதல் 25. இதன் பெரிய பலம், மாவட்டக் கட்டத்தில் இணைப்பு எது என்று பார்ப்பதில்லை. கலைக் கல்லூரி, பொறியியல், மருத்துவம், பாலிடெக்னிக் எல்லாம் ஒரே டிரா. பர்கூர் பொறியியலும் கிருஷ்ணகிரி கலைக் கல்லூரியும் நேருக்கு நேர் நிற்கும் அரசுப் போட்டி இது. நான்கு உலகங்களையும் ஒரே மைதானத்தில் கொண்டுவந்து நிறுத்தியதற்காகவே இதை மனதாரப் பாராட்ட வேண்டும்.

மாவட்ட அளவில் முதல் மூன்று இடங்களுக்கு 3,000, 2,000, 1,000 ரூபாய். மாநில அளவில் தனிநபருக்கு 1 லட்சம், 75,000, 50,000. குழுப் போட்டியில் ஒவ்வொருவருக்கும் 75,000, 50,000, 25,000. அரூரிலோ அஞ்செட்டியிலோ விவசாயக் குடும்பத்திலிருந்து வரும் ஒரு பெண்ணுக்கு 75,000 என்பது ஒரு வருடப் படிப்புச் செலவைவிட அதிகம்.

ஆன்லைன் பதிவில்தான் பாதிப் பேர் சறுக்குகிறார்கள். ஆதார், கல்லூரி போனஃபைடு, வங்கிப் பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆதாரில் "எம். கவிதா", பாஸ்புக்கில் "கவிதா முருகன்" என்றிருந்தால் மைதானத்தில் ஆட விடுவார்கள், பரிசுப் பணம் வரும்போது சிக்கும். பல மாதம் பயன்படுத்தாத ஜீரோ பேலன்ஸ் கணக்கும் அப்படித்தான். கல்லூரிப் பெயரை ஆளுக்கொரு விதமாகத் தட்டினால் ஒரே அணி இரண்டு மூன்றாகச் சிதறும். அதனால் 12 பேருக்கும் ஒரே ஆள், ஒரே உட்காரலில் பதிவு செய்வது நல்லது. கடைசி நாள் மாலை வரை காத்திருக்கக் கூடாது. பதிவு எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து பிரின்ட் போட்டு ஃபைலில் வைக்க வேண்டும். ஒரே பெண் வாலிபாலுக்கும் 400 மீட்டருக்கும் பதிந்தால் இரண்டும் ஒரே நாளில் விழ வாய்ப்பு உண்டு. எதை விடுவது என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

குறை என்னவென்றால், மாவட்டக் கட்டம் பெரும்பாலும் ஒரே நாளில் முடிக்கப்படும். 16 அணிகள் வந்தால் பைனலுக்குப் போகும் அணி அன்றைக்கே நான்கு மேட்ச் ஆட வேண்டும். மதியம் அரையிறுதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வது வீரனின் பலவீனம் அல்ல. ஒரே நாளில் அடுத்தடுத்து ஆடிய களைப்பும், தண்ணீரும் உப்பும் போதாததும்தான். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைச் சாறு, மேட்சுகளுக்கு நடுவே வாழைப்பழம். பிரியாணியைப் பைனலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இன்னொரு குறை கோட்டைப் பற்றியது. 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. அதற்கு முன் ஊத்தங்கரையும் அரூரும் ஒரே தருமபுரி மாவட்டம். இப்போது ஊத்தங்கரை கிருஷ்ணகிரிப் பக்கம், அரூர் தருமபுரிப் பக்கம். அரை மணி, முக்கால் மணி பயணத்தில் இருக்கும் இரண்டு ஊர்களும் மாவட்டக் கட்டத்தில் சந்திக்காது. மாநிலக் கட்டத்தில் டிரா இருவரையும் சேர்த்து வைத்தால்தான் உண்டு. அதுவும் சொந்த ஊர்க் கூட்டம் வர முடியாத தூரத்தில். பல்கலைக்கழகம் சேர்த்து வைத்த தருமபுரியையும் கிருஷ்ணகிரியையும் இந்தக் கோப்பை பிரிக்கிறது. பல்கலைக்கழகம் பிரித்த கலையையும் பொறியியலையும் இது சேர்க்கிறது. இரண்டிலும் ஆடினால்தான் ஓர் அணிக்கு அக்கம்பக்கம் முழுதாகக் கிடைக்கும். 5க்கு 3½.

ஓபன் டோர்னமென்டில் எந்தக் கோடும் இல்லை. திருப்பத்தூர் வரும், சேலம் வரும், ஓசூர்ப் பக்கம் நடந்தால் பெங்களூரிலிருந்தும் வரும். பழைய பகையும் பழைய நட்பும் உயிரோடு இருக்கிற இடம் இதுதான். ஆனால் கல்லூரி அணியாகப் போனால் மூன்று விஷயங்களை முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மண்ணா, மேட் (விரிப்பு) போட்ட தரையா? செம்மண் தரையில் பழகிய ரைடர் வெறுங்காலை ஊன்றித் திரும்புவார். மண் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும். மேட் விடாது. ஷூ பிடித்துக்கொள்ளும், முழங்கால் மட்டும் திரும்பும். மூட்டு பிசகுவது அப்படித்தான். மேட் மேட்சுக்கு முன் குறைந்தது பத்து நாள் மேட்டில் பழக்க வேண்டும். ஆண்களுக்கு 13 க்கு 10 மீட்டர் என்ற அளவை டேப் வைத்து அளந்து பாருங்கள். ஊர் மைதானத்தில் பக்கக் கோடு அரை மீட்டர் உள்ளே விழுந்தாலும் கார்னர் டிஃபென்டருக்கு ஆதாயம்.

எத்தனை மணிக்கு? மார்கழி, தை மாத இரவுகளில் பத்து மணிக்கு மேல் மேட்டில் பனி இறங்கும். ஃப்ளட்லைட்டின் கீழே சாய்த்துப் பார்த்தால் மேட் மினுமினுக்கும். துண்டால் துடைத்துத் துண்டு ஈரமானால் ஆடக் கூடாது. ஒவ்வொரு மேட்சுக்கு முன்பும் காய்ந்த சாக்கால் இரண்டு முறை துடைக்கச் சொல்லிக் கேளுங்கள். இரவு 8 மணி என்று நோட்டீஸில் போட்ட மேட்ச் 1 மணிக்கு நடக்கும் என்று எண்ணியே சாப்பாட்டைத் திட்டமிட வேண்டும்.

யார் ஆடுவது? கல்லூரிப் பெயரில் வெளியூர் ஆட்களை இறக்குவது இங்கே பெரிய நோய். நுழைவுக் கட்டணம் கட்டும் முன் "போனஃபைடு, புகைப்படத்தின் மேல் முதல்வர் முத்திரை, அடையாள அட்டை" என்ற விதி நோட்டீஸில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போகாமல் இருப்பதே நல்லது. ஆம்புலன்ஸும் முதலுதவியும் இல்லாத இடத்துக்கும் அப்படியே. நல்ல ஏற்பாடுள்ள ஓபனுக்கு 5க்கு 4. மற்றதுக்கு மதிப்பெண் போடும் பேச்சே இல்லை.

இந்த மூன்றுக்கும் வெளியே இன்னொரு வழி இருக்கிறது. அமெரிக்காவில் வாஷிங்டனும் வாஷிங்டன் ஸ்டேட்டும் கூட்டமைப்பு பிரிந்த பிறகும் தங்கள் ஆப்பிள் கப் ஆட்டத்தை விடவில்லை. இரண்டு கல்லூரிகளும் நேரடியாக ஒப்பந்தம் போட்டு அட்டவணையில் வைத்துக்கொண்டன. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருப்பத்தூர், ஓசூர் என்று ஊருக்கொரு கல்லூரியாக நான்கு முதல்வர்கள் கையெழுத்துப் போட்டால் இங்கேயும் முடியும். நான்கு அணி லீக்குக்கு 6 மேட்ச். ஒரு நாளைக்கு மூன்று வீதம் இரண்டு நாள். வருடத்துக்கு ஒரு கல்லூரி நடத்தட்டும்; விருந்தினர் அணிகளுக்கு ஹாஸ்டலில் இடமும் சாப்பாடும் அந்தக் கல்லூரி பொறுப்பு, பஸ் செலவு அவரவர் பொறுப்பு. நடுவர்கள் விளையாடாத மாவட்டத்திலிருந்து வர வேண்டும். ஜனவரி கடைசியோ பிப்ரவரி முதல் வாரமோ வைத்தால் வடகிழக்குப் பருவமழையும் செமஸ்டர் தேர்வும் குறுக்கே வராது. ஆட்டம் பகலில், காலை 8 மணிக்குத் தொடங்கி 11க்குள் முடிந்து, மீதி மாலை 4க்கு மேல். அணிக்கு 12 வீரர்கள், ஒரு பயிற்சியாளர், ஒரு மேலாளர் என 14 பேர். ஒரு வேன் போதும்.