சுங்கை சிப்புட்டில் ஒரு விளையாட்டுக் கடை

பள்ளி விடுமுறையில் அம்மாவையும் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்தில் கடைவீட்டு மாடியில் இயங்கும் பலகை விளையாட்டுக் கடைக்குச் சென்றேன். வாங்கும் முன் உட்கார்ந்து விளையாடிப் பார்க்க மேசைகள் போட்டிருப்பதே இக்கடையின் பெரிய சிறப்பு. 1995இல் ஜெர்மனியில் வெளிவந்த கட்டான் விளையாட்டைக் கடைக்காரத் தம்பி பொறுமையாகத் தமிழிலேயே விளக்க, என் மகள் சிறிது நேரத்திலேயே செங்கல் அட்டையைக் கொடுத்துக் கம்பளி அட்டை கேட்டு அண்ணனிடம் பேரம் பேசத் தொடங்கிவிட்டாள்.

ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்த அம்மாவோ, பல்லாங்குழி போன்ற மலாய் விளையாட்டான சொங்காக்கின் மரப் பலகையை விட்டு நகரவில்லை. 14 குழிகளும் இரு முனைகளில் பெரிய வீடுகளும் கொண்ட அப்பலகையைத் தடவியபடி, பால்மரம் வெட்டி வந்த தம் தாயார் லயத்து வீட்டு வாசலில் புளியங்கொட்டைகளை வைத்துப் பல்லாங்குழி கற்றுத்தந்ததையும், தாம் ஆடிய பலகையில் அந்த முனை வீடுகள் இல்லாததையும் பேத்திக்கு விவரமாகச் சொன்னார். அதை வாங்காமல் எப்படித் திரும்புவது?

உடன் வாங்கிய கேரம் பெட்டியை வீட்டில் பிரித்தபோது 19 காய்களில் சிவப்பு மட்டும் இல்லை. மறுநாள் கொண்டுபோனதும் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார்கள். மாடிப்படி மிகவும் செங்குத்தாக இருப்பதால், முதியவர்களுக்காக ஒரு கைப்பிடி அவசியம் பொருத்த வேண்டும்.