நிகோடின் கம்: இரண்டே கால் வருட அனுபவம்

பதினாறு வருடம் புகைத்தேன். நாளைக்கு எட்டு, வேலை நெருக்கடி என்றால் பன்னிரண்டு. விட்டு இப்போது இரண்டே கால் வருடம் ஆகிறது.

விட உதவியது நிகோடின் கம்: சிகரெட்டில் இருக்கும் அதே நிகோடினைப் புகையில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக வாயில் இறக்கும் சூயிங்கம். 2 மில்லிகிராம் நிகோடின் உள்ள கம் மருந்துக்கடையில் டாக்டர் சீட்டு இல்லாமலேயே கிடைக்கிறது. எழுந்த அரை மணி நேரத்துக்குள் பற்றவைக்கிறவர்களுக்குத்தான் பொதுவாக 4 சொல்வார்கள், அதற்கு டாக்டர் சீட்டு வேண்டும். எனக்கு முதல் தம்மே பத்தரை மணி டீயோடுதான், அதனால் 2 போதுமாக இருந்தது.

முதல் வாரம் சாதாரண பபிள்கம் மாதிரி மென்று தள்ளினேன். தொண்டை எரிச்சல், விடாத விக்கல். அப்புறம்தான் அட்டையில் இருந்ததைப் படித்தேன். நாலைந்து தடவை மெல்ல வேண்டும், மிளகு போலச் சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிவிட வேண்டும். சுருக்கு அடங்கினால் மறுபடி மெல்ல வேண்டும். இப்படி அரை மணி நேரம். சரி, அது பழகிவிட்டது.

பழகாதது டீ. டீ, காபி குடித்தால் வாயில் நிகோடின் சரியாக இறங்காது, 15 நிமிடம் இடைவெளி விட வேண்டும். எனக்குக் கை நமநமக்கிறதே டீ கிளாஸைப் பிடித்த அந்த நிமிடத்தில்தான்! கம் மற்ற நேரமெல்லாம் காப்பாற்றியது, அங்கே மட்டும் கைவிட்டது. கடைசியில் டீக்கடையை மாற்றினேன். அலுவலகத்துக்கு எதிர்ப்பக்கச் சந்தில் ஓர் அக்கா கடை, அங்கே சிகரெட் விற்பதில்லை. சும்மா இருந்த கைக்கு வடை கிடைத்தது. எடை நாலு கிலோ ஏறியது, அதை இன்னும் இறக்கிக்கொண்டிருக்கிறேன்.

21 நாளில் எந்தப் பழக்கமும் படிந்துவிடும் என்பார்கள். லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 வரை. அது புதுப்பழக்கம் படிவதைப் பற்றியது, விடுவதைப் பற்றி அல்ல. ஆனாலும் அதில் ஒரு விஷயம் எனக்கு உதவியது: நடுவில் ஒரு நாள் தவறினால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போவதில்லை. நாற்பதாவது நாள் நண்பன் கல்யாணத்தில் ஒன்று அடித்துவிட்டேன். முன்பெல்லாம் அப்படி நடந்தால், 'போச்சு, இனிமேல் என்ன' என்று மறுநாளே பாக்கெட் வாங்கியிருப்பேன். இந்தத் தடவை மறுநாள் காலை வழக்கம்போல் கம்.

குறை என்றால், கம்மே ஒரு பழக்கமாகிவிடுகிறது. 12 வாரத்தில் விடவேண்டியதற்கு எனக்கு எட்டு மாதம் பிடித்தது. பாதியாக வெட்டி, அப்புறம் சோம்புக்கு மாறித்தான் முடிந்தது. செலவிலும் முதல் மூன்று மாதம் மிச்சம் எதுவும் இல்லை. கட்டுப்பல் இருந்தால் ஒட்டும். இதய நோய், வயிற்றுப்புண் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக்கூடாது.

போன மாதம் பழைய கடைக்குப் போனேன். மாஸ்டர் கேட்காமலேயே டீயோடு ஒரு சிகரெட்டையும் நீட்டினார். வேண்டாம் என்றேன். "அப்ப வடை எடுத்துக்குங்க சார்" என்றார்.