சுயமதிப்பீடா, விங் ஆய்வா?

அமெரிக்க விமானப்படையில் கமாண்டரின் ஆய்வுத் திட்டத்துக்கு இரண்டு கால்கள்: பிரிவு தானே செய்யும் சுயமதிப்பீடு, ஸ்குவாட்ரன் எனும் சிறு பிரிவுகள் பல அடங்கிய ‘விங்’ எனும் பெரிய பிரிவின் இன்ஸ்பெக்டர் ஜெனரல் (ஆய்வு அதிகாரி) அலுவலகம் நடத்தும் ஆய்வு. நேரம் குறைவாக இருக்கும் ஸ்குவாட்ரன் எதற்கு முதலிடம் தருவது?

உழைப்பு
சுயமதிப்பீடு: ‘மிக்ட்’ மென்பொருளில் உள்ள சரிபார்ப்புப் பட்டியலைப் பிரிவின் ஆட்களே நிரப்பலாம். அன்றாட வேலை நிற்காது.
விங் ஆய்வு: வேறு பிரிவுகளிலிருந்து பயிற்சி பெற்ற ஆட்கள் வரவேண்டும், தேதி ஒத்துவரவேண்டும்.

நம்பகம்
சுயமதிப்பீடு: இங்கேதான் சிக்கல். கேள்விக்கு ‘ஆம்’ என்று டிக் செய்வது சுலபம். ஆதாரம் எங்கே என்று யாரும் கேட்காவிட்டால் பட்டியல் முழுக்கப் பச்சையாக இருக்கும், கருவிப் பதிவேடோ பாதியில் நிற்கும். மேலதிகாரி சிவப்பைக் கண்டு கத்துபவராக இருந்தால் இன்னும் மோசம்; உண்மையைச் சொன்னவர்தான் மாட்டிக்கொள்வார்.
விங் ஆய்வு: வெளிக் கண். காகிதத்தை மட்டும் பார்க்காமல், அவசரகாலப் பயிற்சியை நடத்தச் சொல்லி நேரில் பார்க்கும்.

திருத்தம்
சுயமதிப்பீடு: சின்னக் குறைகள் அன்றே சரியாகும்.
விங் ஆய்வு: மூல காரணம், திருத்த நடவடிக்கை, கெடு என எல்லாம் எழுத்தில் வரும். மெதுவானது, ஆனால் நழுவமுடியாது.

பயிற்சிப் பதிவு, பொருள் கணக்கு மாதிரி விஷயங்களுக்குச் சுயமதிப்பீடே போதும். உயிருக்கு ஆபத்தான வேலை, பல பிரிவுகள் சேர்ந்து செய்யும் வேலை என்றால் விங் ஆய்வைக் கேட்டு வாங்குங்கள். புதிதாகப் பொறுப்பேற்ற கமாண்டருக்கும் அதுவே முதலில்.