டர்பன் உஷாக்கா கடல் பூங்காவில் ஒரு நாள்

டிசம்பர் விடுமுறைக்கு, ஜோகன்னஸ்பர்க் அருகிலுள்ள லெனேசியாவிலிருந்து தென்னாப்பிரிக்கக் கடற்கரை நகரமான டர்பனுக்குச் சென்றிருந்த நாங்கள் ஐவரும், 2004-இல் திறக்கப்பட்ட உஷாக்கா கடல் பூங்காவில் ஒரு பகலைக் கழித்தோம். எங்கள் மனத்தை முழுமையாகக் கவர்ந்தது மீன் காட்சியகமே. உடைந்து கரையொதுங்கிய பழைய சரக்குக் கப்பலின் வடிவில் அதை அமைத்திருப்பதால், மங்கிய வெளிச்சத்தில் துருவேறிய சுவர்களுக்கிடையே இறங்கிச் செல்லும்போது, கடலடியில் நடப்பதாகவே தோன்றுகிறது. கோரைப்பல் தெரிய வாயைத் திறந்தபடி ஒரு சுறா கண்ணாடியை உரசிச் சென்றபோது, எழுபது வயதைக் கடந்த என் தாயார் பேத்தியின் கையை இறுகப் பற்றிக்கொண்டு, "முருகா!" என்றார், பிறகு அரை மணி நேரம் அங்கிருந்து நகர மறுத்துவிட்டார். முதியோரை அழைத்து வருபவர்கள் இந்தப் பகுதிக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

டால்பின் காட்சியும் நன்று. நாங்கள் அமர்த்திய வாடகை வேன் தாமதமாக வந்ததால், நீர்ச்சறுக்குகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்த நேரம் குறைவு. அது எனக்கு இன்னும் வருத்தமே. டிசம்பர் அங்கே கோடைக்காலம்; வெயில் கடுமையாக இருக்குமாதலால், தொப்பியும் மாற்றுடையும் எடுத்துக்கொண்டு காலையிலேயே செல்லுங்கள்.