நெர்வா செயலி: ஐபிஎஸ் வயிற்றுக்கு ஆறு வாரப் பயிற்சி

வெளியே கிளம்பும் முன் மூன்று தடவை கழிவறை. பஸ் ஏறினால் அடுத்த கழிவறை எங்கே என்ற கணக்கு. கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரவே தயக்கம். ஐபிஎஸ் (IBS) என்பது வயிற்றுவலியோடு பேதியோ மலச்சிக்கலோ திரும்பத் திரும்ப வரும் குடல் கோளாறு. அது உள்ளவர்களில் பலரை வயிற்றுவலியைவிட இந்தப் பயம்தான் அதிகம் முடக்குகிறது. பயந்தால் குடல் முறுக்கும். முறுக்கினால் பயம் கூடும். மெல்போர்னில் உருவான நெர்வா என்ற கைப்பேசிச் செயலி கைவைப்பது இந்த இடத்தில்தான்.

தினம் கால் மணி நேரம் போல ஓர் ஒலிப்பதிவு. மூச்சைச் சீராக்கி, உடம்பைத் தளர்த்தி, குடல் நிதானமாக இயங்குவதாக மனதில் காணச் சொல்கிறது. குடல் சார்ந்த ஹிப்னோதெரபி என்று இதற்குப் பெயர். 1984இல் மான்செஸ்டர் மருத்துவர்கள் 30 பேரிடம் சோதித்து வெளியிட்ட முறை. 2016இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகம் 74 பேரிடம் இதை ஃபோட்மேப் உணவுமுறையோடு (எளிதில் செரிக்காமல் வாயுவைக் கூட்டும் சில வகை மாவுச்சத்து, சர்க்கரைகளைக் குறைக்கும் முறை) ஒப்பிட்டது. குடல் தொல்லை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. மனப் பதற்றத்தில் ஹிப்னோதெரபி முந்தியது. ஆனால் அது சிகிச்சையாளர் நேரில் தந்த பயிற்சி. செயலி அதே பலனைத் தரும் என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ராத்திரி படுக்கையில் கேட்டால் பாதியிலேயே தூக்கம் வந்துவிடும். சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, ஹெட்போனில் கேளுங்கள். வண்டி ஓட்டும்போது கூடவே கூடாது. இரண்டாம் வாரத்தில் ஒன்றும் மாறவில்லை என்று பலர் விட்டுவிடுவார்கள். ஆறு வாரமும் முடித்துவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். பெரிய குறை, தமிழில் இல்லை. ஆங்கிலத்தை மனதுக்குள் மொழிபெயர்த்துக்கொண்டே இருந்தால் உடம்பு எங்கே தளரும்? இன்னொன்று, கட்டணச் சந்தா. செயலியை நீக்கினால் மட்டும் அது நிற்காது, ப்ளே ஸ்டோரில் தனியாக ரத்து செய்ய வேண்டும்.

மலத்தில் ரத்தம், எடை குறைவு, ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி இருந்தால் முதலில் குடல் மருத்துவர். கிரோன் என்ற குடல் அழற்சி நோய், குடல் காசநோய் இரண்டுமே ஐபிஎஸ் போல வேஷம் போடும். மனச்சிதைவு வந்தவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

பணம் கட்ட முடியாதவர்கள், வாழவே பிடிக்கவில்லை என்ற அளவுக்கு நொந்தவர்கள் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். அங்கே குடல் பயிற்சி கிடைக்காது. காது கொடுத்துக் கேட்க ஆள் கிடைப்பார்.